லிஃப்டுக்குள் காற்று தீராது

ஊரில் பாதிக் கட்டடங்களின் லிஃப்டைப் பழுது பார்த்தவர், லிஃப்டே இல்லாத ஒரு கட்டடத்தின் மூன்றாவது மாடியில் குடியிருந்தார். இதைச் சொல்லிச் சிரிக்காத சொந்தக்காரர்கள் கிடையாது. முதலில் சிரிப்பவர் அவர்தான். "நாள் முழுக்க அதோடதான் மல்லுக்கட்டுறேன். வீட்டுக்கு வந்தும் அது மூஞ்சியிலயே முழிக்கணுமா?" என்பார். இப்போது அந்தச் சிரிப்பு போன இடம் தெரியவில்லை. கொஞ்ச காலமாகவே, ஆஸ்பத்திரிக்குப் போகும் நாள் தவிர, லிஃப்ட்காரர் வீட்டு வாசலைத் தாண்டுவதில்லை. இறங்கிவிடலாம். திரும்ப ஏற வேண்டுமே.

நுரையீரலில் புற்றுநோய். கண்டுபிடிக்கும்போதே எலும்பு வரை பரவியிருந்தது. வழக்கமான மருந்துகள் சில மாதம் கேட்டன, பிறகு கையை விரித்துவிட்டன. அப்போதுதான் டாக்டர் ஆராய்ச்சியைப் பற்றிச் சொன்னார். இன்னும் கடைக்கு வராத புது மாத்திரை ஒன்றை, அவரைப் போல நோய் முற்றியவர்களுக்குக் கொடுத்துப் பார்க்கிறார்கள். யாருக்குப் புது மாத்திரை, யாருக்குப் பழைய ஊசி என்பதைக் கம்ப்யூட்டர் முடிவு செய்யும். வாழ்நாளில் ஒரு குலுக்கலிலும் ஒரு சோப்பு டப்பாகூட ஜெயிக்காதவருக்குப் புது மாத்திரை விழுந்தது. அதுவும் வேலை செய்தது! ஸ்கேனில் கட்டி பாதியாகச் சுருங்கியிருந்தது. அன்றைக்கு அவர் மனைவி ஆஸ்பத்திரி வராந்தா என்றும் பார்க்காமல் ஓவென்று அழுதாள். அவர் இரண்டு மாதத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டார்.

அதற்கப்புறம்தான் மூச்சு வாங்கத் தொடங்கியது. முதலில் குனிந்து செருப்பு மாட்டும்போது. பிறகு குளித்துவிட்டுத் துவட்டும்போது. இப்போது இரண்டு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசினாலே.

இது என்ன என்று இருவருக்கும் நன்றாகத் தெரியும். ஆராய்ச்சியைக் கவனிக்கும் நர்ஸ் முதல் நாளே உட்காரவைத்து, ஒரு தடவைக்கு மூன்று தடவை சொல்லியிருந்தாள். "இந்த மாத்திரை சில பேருக்கு நல்லா இருக்கிற நுரையீரலையும் வீங்க வச்சிடும். மூச்சு வாங்கினாலோ வறட்டு இருமல் வந்தாலோ உடனே சொல்லணும். மாத்திரையை நிறுத்திடுவோம்." இத்தனை சொன்னதில் இவர்கள் காதில் ஒட்டிக்கொண்டது கடைசி வாக்கியம் ஒன்றுதான்.

கூடவே தொப்பிக்காரர் கதை வேறு. அதே மாத்திரையைச் சாப்பிட்டவர், எப்போதும் கம்பளித் தொப்பியோடு வருவார். நர்ஸ் எப்படி இருக்கீங்க என்று கேட்டால், "ராஜா மாதிரி இருக்கேன்!" என்று ஆஸ்பத்திரிக் கூடமே அதிரச் சொல்வார். ஒரு நாள் அவர் நாற்காலி காலியாக இருந்தது. மாத்திரையை நிறுத்திவிட்டார்களாம் என்று பக்கத்தில் யாரோ சொன்னார்கள். அடுத்த தடவை, ஆளே போய்விட்டாராம் என்றார்கள். அன்றைக்கு வீட்டுக்கு வந்ததுமே மனைவி கதவைச் சாத்தினாள். "மூச்சு வாங்குதுன்னு சொல்லித் தொலைச்சிருப்பாரு. மாத்திரையைப் பிடுங்கிட்டாங்க. ஆள் முடிஞ்சது. நீங்க வாயைத் திறக்காதீங்க, சொல்லிட்டேன்" என்றாள். அவர் தலையாட்டினார். சாப்பிட்டால் மூச்சுக்கு ஆபத்து, நிறுத்தினால் கட்டி வளரும். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர். தெரிந்த சுவரோடு இருந்துவிடலாம் என்று முடிவு செய்தார்.

அவருக்கு ஒன்று மட்டும் உறுத்தியது. லிஃப்ட் கதவில் ஒரு சுவிட்ச் உண்டு. கதவு சரியாக மூடாவிட்டால் லிஃப்டை நகரவிடாது. சோம்பேறி மெக்கானிக்குகள் அதன் குறுக்கே ஒரு துண்டு ஒயரைப் போட்டு அதை ஏமாற்றி, லிஃப்டை ஓடவிட்டுப் போய்விடுவார்கள். அப்படிப் போட்டவர்களை அவர் பேசாத பேச்சில்லை. "அது நிக்குதுன்னா காரணத்தோட நிக்குது! அது வாயை அடைச்சா, ஆளைக் கொல்லும்டா!" என்று கத்தியிருக்கிறார். இப்போது தன் நெஞ்சிலேயே அந்த ஒயரைப் போட்டுக்கொண்டிருக்கிறோம் என்று அவருக்குத் தெரியாமல் இல்லை. மனைவியிடம் சொல்ல வாயெடுத்து, மென்று முழுங்கிவிட்டார்.

மனைவி ஒத்திகையே நடத்தினாள். சின்னச் சின்ன பதிலாகச் சொல்ல வேண்டும்: "ம்", "இல்லம்மா", "நல்லா இருக்கேன்மா". ரத்தத்தில் ஆக்சிஜன் அளக்க விரலில் கிளிப் மாட்டுவதற்கு முன்னால் கையைத் தேய்த்துச் சூடாக்கிக்கொள்ள வேண்டும். ஐந்தாவது மாடியில் லிஃப்டை விட்டு இறங்கியதும் நேரே உள்ளே போகக் கூடாது. கழிவறைப் பக்கம் இருக்கும் பெஞ்சில் உட்கார்ந்து, மூச்சு அடங்கிய பிறகு, கல்யாண வீட்டுக்குப் போகிற மாதிரி நிதானமாக நடக்க வேண்டும். வாயாடி மனிதர் இப்படி ஊமையாகிப்போனதை, கட்டி சுருங்கியதோடு குணமும் மாறிவிட்டது என்றே நர்ஸ் நினைத்திருந்தாள்.

இந்தத் தடவையும் எல்லாம் சரியாகத்தான் போயிருக்கும். ஆஸ்பத்திரி வாசலிலிருந்து லிஃப்ட் வரை நடந்ததில் அவருக்கு நெஞ்சு அடைத்தது. உள்ளே போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டார். கதவு மூடும் நேரத்தில் ஒரு கை குறுக்கே வந்தது. ரத்தப் பரிசோதனைக் குழாய்கள் வைத்த டப்பாவோடு, அதே நர்ஸ்!

"அட, நீங்களா! வாங்க, ஒண்ணாவே போயிடலாம்."

மனைவி ஆடிப்போனாள். பெஞ்சும் இல்லை, ஓய்வும் இல்லை. அவர் உதட்டை இறுக மூடி, மூக்கு வழியாகச் சமாளித்தார். மூன்றாவது மாடி தாண்டியதும் லிஃப்ட் ஒரு குலுக்கு குலுக்கி நின்றது. விசிறியும் நின்றது. விளக்கு மட்டும் மங்கலாக எரிந்தது.

நர்ஸ் எல்லாப் பொத்தான்களையும் அழுத்தினாள். மணியை அழுத்தினாள். சுவரில் இருந்த ஒலிபெருக்கியில் காவலாளி, "ஆள் வந்துட்டிருக்காரு, பயப்படாதீங்க" என்றான். ஆனால் அவள் பயந்துதான் போயிருந்தாள். எத்தனை பேருடைய கெட்ட செய்தியை முகம் மாறாமல் கேட்டவள். இப்போது உதடு வெளுத்து, முதுகைச் சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

"எனக்கு மூடின இடமே ஆகாது. விசிறி வேற நின்னுடுச்சு. உள்ள இருக்கிற காத்து தீர்ந்துட்டா?"

மனைவி அந்த வார்த்தையைச் சட்டென்று பிடித்துக்கொண்டாள். "ஆமாம்மா, காத்தே இல்ல. பாருங்க, இவருக்கே எப்படி மூச்சு வாங்குதுன்னு!"

தேடினாலும் கிடைக்காத சாக்கு. இனி அவர் எவ்வளவு இரைத்தாலும் பழி லிஃப்ட் மேல். மேலே போய் விரலில் கிளிப் மாட்டி எண் குறைந்து வந்தாலும், உள்ளே மாட்டிக்கொண்ட அதிர்ச்சி என்று சொல்லிவிடலாம். இந்தத் தடவைக்கான மாத்திரை டப்பாவும் கைக்கு வந்துவிடும். அவர் செய்ய வேண்டியது ஒன்றுமே இல்லை, சும்மா இருந்தால் போதும்.

ஆனால் நர்ஸ் அவரைப் பார்த்தாள், அவர் இரைப்பதைப் பார்த்தாள், அப்படியே சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள். "ஐயோ, நிஜமாவே காத்து இல்லையா?" என்று கழுத்துப் பட்டனைப் பிய்த்தாள். வாழ்நாளெல்லாம் இந்தக் குரலை அவர் கேட்டிருக்கிறார், கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து. அதற்குச் சொல்ல வேண்டிய பதிலும் அவருக்கு மனப்பாடம். சொல்லாமல் நின்றுபார்த்தார். முடியவில்லை. இந்த ஒரு பொய்யை மட்டும் அவரால் சொல்ல முடியவில்லை.

"நர்ஸம்மா... இங்க பாருங்க. மேல... அந்த ஓட்டை தெரியுதா? கீழ, கதவு இடுக்குல... கையை வைங்க. வருதா?"

அவள் கையைக் கதவு இடுக்கில் வைத்தாள்.

"லிஃப்டுக்குள்ள காத்து... தீரவே தீராது. விசிறி நின்னாலும்... வரும். மூச்சு முட்டி... இதுக்குள்ள... யாரும் போனதில்ல. நின்னுருக்கிற லிஃப்ட்... பத்திரமான லிஃப்ட்மா."

சொல்லி முடிப்பதற்குள் அவருக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. கம்பியை இரண்டு கையாலும் பிடித்தார். மனைவி கண்ணை மூடிக்கொண்டாள்.

நர்ஸ் உள்ளங்கையில் பட்ட காற்றை உணர்ந்தபடியே இருந்தாள். மெதுவாக அவள் முகத்தில் ரத்தம் திரும்பியது. பிறகுதான் தலையைத் தூக்கி அவரைப் பார்த்தாள். இப்போது பழைய நர்ஸாக.

"காத்துதான் வருதே. அப்ப உங்களுக்கு ஏன் இப்படி மூச்சு வாங்குது?"

"பயம்மா."

"உங்களுக்கா? லிஃப்ட்லயா?"

அவர் பார்வையைக் கதவுப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"எத்தனை நாளா இப்படி?"

"சொல்லாதீங்க!" என்றாள் மனைவி. சொன்ன பிறகுதான் அதுவே பதில் என்று அவளுக்கு உறைத்தது. அதற்குமேல் அடக்கி என்ன ஆகப்போகிறது? கொட்டித் தீர்த்துவிட்டாள். "சொன்னா மாத்திரையைப் பிடுங்கிடுவீங்க! இவருக்கு இருக்கிறது அது ஒண்ணுதான். தொப்பிக்காரர் வாயைத் திறந்தாரு, என்ன ஆச்சு? சொல்லுங்க, என்ன ஆச்சு?"

நர்ஸ் தரையிலிருந்து எழுந்தாள். "ஒருத்தரைப் பத்தி இன்னொருத்தர்கிட்ட நான் பேசக் கூடாதும்மா" என்றாள். பிறகு, "ஆனா ஒண்ணு சொல்றேன். வாயைத் திறந்ததால நாங்க யாரையும் இழந்ததில்ல" என்றாள்.

ராஜா மாதிரி இருக்கேன்! கடைசியாகப் பார்த்த அன்றைக்கும் தொப்பிக்காரர் அப்படித்தானே கத்தினார். கூடத்தில் எல்லோரும்தானே கேட்டார்கள். மனைவி மெல்லத் திரும்பிக் கணவனைப் பார்த்தாள். தொப்பிக்காரரும் மறைத்துத்தான் போயிருக்கிறார்; அதே மாதிரி பதில்களைத்தான் இவள் இவருக்கு ஒத்திகை பார்த்துக் கொடுத்திருந்தாள்.

லிஃப்ட் குலுங்கியது. மேலே நகர்ந்தது.

டாக்டர் நெஞ்சில் கருவியை வைத்துக் கேட்டார், முன்னும் பின்னும். திட்டுவார் என்று எதிர்பார்த்தார்கள். திட்டவில்லை. மாத்திரையை இன்றோடு நிறுத்த வேண்டும், வீக்கம் வற்ற வேறு மருந்து தருகிறேன், உடனே கீழே போய் ஸ்கேன் எடுங்கள் என்றார்.

"வீக்கம் வத்தினதும் திரும்பத் தருவீங்களா?" என்று மனைவி கேட்டாள்.

"இந்த ஆராய்ச்சில இனிமே முடியாதும்மா. வேற வழி பார்ப்போம்." வேறு வழி என்று சொல்லும்போது டாக்டர் ஜன்னல் பக்கம் பார்த்தார்.

மிச்ச மாத்திரைகளைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். மனைவி பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அசையாமல் நின்றாள். லிஃப்ட்காரர்தான் பைக்குள் கை விட்டு டப்பாவை எடுத்து மேஜைமேல் வைத்தார். அது ரொம்ப லேசாக இருந்தது.

வெளியே வந்ததும், "நான் படியில வந்துடறேன், நீங்க கீழ போய் இருங்க" என்று சொல்லிவிட்டு நர்ஸ் நழுவினாள். மனைவியும் லிஃப்டைப் பார்த்துத் தயங்கினாள். "ஏங்க, நாமளும் மெதுவா படியிலயே போயிடலாமே."

"முடியாது. மூச்சு வாங்குது" என்றார் அவர்.

இத்தனை நாளும் அவர் தன் வாயால் சொல்லாத வார்த்தை. வராந்தாவில் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். பார்த்துவிட்டுப் போகட்டும்.

இருவரும் உள்ளே போனார்கள். கதவு மூடியது. மனைவி நர்ஸ் செய்ததைப் போலவே கதவு இடுக்கில் உள்ளங்கையை வைத்தாள். இன்னொரு கையால் அவர் முதுகைத் தாங்கிக்கொண்டாள்.

"வருதா?" என்று கேட்டார்.

"வருது" என்று அழுதாள்.