பாட்டு நிற்காத கொட்டகை

முத்தாண்டிக்குப்பம் முந்திரித் தோப்புக் கொட்டகையில் கொட்டை உடைக்கிற பெண்களுக்கு ஒரு சட்டம் இருந்தது. வேலை முடியும்வரை பாடிக்கொண்டே இருக்க வேண்டும். மேஸ்திரி கொளஞ்சிநாதனுக்குப் பாட்டின் மேல் ஆசை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். பாடுகிற வாய் உடைத்தெடுத்த முந்திரிப் பயறைத் தின்னாது, அவ்வளவுதான். மத்தியானம் வெளியே போகும்போதும் மடியை உதறிக் காட்டி, பாட்டை நிறுத்தாமல், வாசல் முக்காலியில் உட்கார்ந்திருக்கும் அவரைத் தாண்டிப் போக வேண்டும். அவர் மட்டும் பாட மாட்டார். எந்நேரமும் ஒரு பக்கக் கன்னம் உப்பியிருக்கும். வெற்றிலை என்று சொல்லிக்கொள்வார்.

அங்கே கொட்டை உடைக்கும் அம்சவல்லியின் புருஷன் கலியன் நெய்வேலி மைன்ஸில் கான்ட்ராக்ட் கூலி. குவார்ட்டர்ஸெல்லாம் பர்மனென்ட் ஆட்களுக்கு. இவர்களுக்கு டவுன்ஷிப் ஓரத்தில் ஒரு குடிசை. மகள் தனத்துக்கு இரண்டு வயது முடிந்தும் நடை வரவில்லை. வயிறு மட்டும் முன்னால் வரும். கால் இரண்டும் முருங்கைக்காய். பயந்துபோய் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

"நோவு ஒண்ணும் இல்லம்மா, சத்துதான் இல்ல. பால், முட்டை குடுங்க," என்ற டாக்டர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "முடியலன்னா தினம் நாலு முந்திரி மசிச்சுக் குடுங்க. உங்க பக்கம்தான் கொட்டிக் கிடக்குதே," என்றார்.

கொட்டித்தான் கிடந்தது, நாளெல்லாம் அவள் காலடியில். இந்த டாக்டரை ஒருநாள் கொட்டகையில் உட்காரவைத்துப் பாடவிட வேண்டும் என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

மேஸ்திரியிடமே கேட்டுப் பார்த்தாள். "டாக்டரே சொல்லிட்டாருங்க. ஒடைஞ்ச பயறு ரெண்டு குடுத்தாக்கூடப் போதுங்க."

"டாக்டர் சொன்னா டாக்டர்கிட்ட வாங்கிக்க. இது மொதலாளி சொத்து. நானே ஒண்ணு வாயில போட்டதில்ல."

மறுநாள் அம்சவல்லி தெம்மாங்கை விட்டு ஒப்பாரிக்குத் தாவினாள். ஒப்பாரியில் சொல் குழைந்தால் யார் கேட்கப் போகிறார்கள்? கன்னத்தில் பயறை அடக்கிக்கொண்டு, ஊரில் கல்லுக்குண்டாக உயிரோடிருக்கும் மாமியாரைச் சொல்லி அழுதபடியே மேஸ்திரியைத் தாண்டினாள். பிள்ளைகளைக் கொட்டகைக்குள் விடமாட்டார்கள். வெளியே புங்கமரத்தடியில் நாத்தனார் பெரியநாயகிதான் பார்த்துக்கொள்வாள். அம்சவல்லி மகளை வாரியெடுத்து வாயில் முத்தம் கொடுத்தாள். மென்ற பயறு இடம் மாறியது. நாலு நாளில், உப்பிய கன்னத்தைக் கண்டாலே குருவிக்குஞ்சு மாதிரி வாயைத் திறக்கத் தனம் பழகிவிட்டாள்.

"தாய்ப்பாசம்னா இதான்," என்று மேஸ்திரி கண்ணைத் துடைத்துக்கொண்டார். சித்திரை பிறப்பதற்குள் கொட்டகை முழுக்க ஒப்பாரி ஆகிவிட்டது. பிள்ளை பெற்றவள் அத்தனை பேரும் மத்தியானமானால் முத்தம் கொடுக்க ஓடினார்கள்.

ஒருநாள் அப்படி எல்லாரும் அழுதுகொண்டே வெளியே வந்தபோது, தனம் புங்கமரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். அம்மா இன்னும் தூரத்தில். கிட்டத்தில், முக்காலியில், ஒரு கன்னம் உப்பியிருந்தது. மரத்தை விட்டாள். நடந்தாள்.

மகள் நடக்கிறாள் என்று பூரித்த அம்சவல்லி, எங்கே நடக்கிறாள் என்று தெரிந்ததும் ஒப்பாரியை விடாமலே ஓடினாள்.

"எங்கிட்டதான் வரா பாரு," என்று மேஸ்திரி குழந்தையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டார். தனம் வாயைத் திறந்து காத்திருந்தாள். மேஸ்திரி அந்த வாயைப் பார்த்தார். எதிரே கன்னம் உப்ப நின்ற தாய்மாரைப் பார்த்தார். முகம் கறுத்தது. அம்சவல்லி மனசுக்குள் வேலையைத் தலைமுழுகிவிட்டாள்.

"இதானாடி உங்க ஒப்பாரி?" என்று அவர் வாயைத் திறந்ததுதான் தப்பு. அதுவரை பொறுத்த தனம் விரலை உள்ளே விட்டுத் துழாவி, அரைப் பயறு ஒன்றை எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொண்டாள். நன்றாக ஊறிய வெள்ளைப் பயறு. வெற்றிலைக் கறை பேருக்குக்கூட இல்லை.

முதல்முறையாகப் பாட்டு நின்றது.

"மேஸ்திரி, நீங்களும் ஒரு ஒப்பாரி பாடுறீங்களா?" என்று பெரியநாயகி பணிவாகக் கேட்டாள்.

மறுநாள் முதல் பாடத் தேவையில்லை என்றாகிவிட்டது. மேஸ்திரிக்குச் சத்தத்தில் தலை வலிக்கிறதாம். தனம் மட்டும் அவரை விடவில்லை. மத்தியானமானால் தத்தித் தத்திப் போய் எதிரில் வாயைத் திறந்து நிற்பாள். அவர் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் கன்னத்தில் இருப்பதை எடுத்துக் கொடுத்துவிடுவார்.

மகள் நடந்து போவதைப் பார்க்கும்போதெல்லாம் அம்சவல்லி நிஜமாகவே அழுதாள். இப்போது அவள் வாயில் ஒன்றும் இல்லை.