மூன்றாவது சிலிண்டரின் சூடு

அந்த விமானத்துக்குப் பல் டாக்டரைவிட இரண்டு வயது அதிகம். நாலு பேர் உட்காரும் குட்டி விமானம். அவளும் அவள் நாத்தனாரும் சேர்ந்து வாங்கியது. நாத்தனார் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவள், உயரம் என்றால் அவளுக்குத் தண்ணி பட்ட பாடு. "ஒரே வீட்டுல இருந்தாலே நாத்தனாருக்கும் அண்ணிக்கும் ஆகாதும்பாங்க, நீங்க ஒரே பிளேன்ல போறீங்க" என்று டாக்டரின் கணவர் கேலி செய்வார். அவர் மட்டும் தரையை விட்டு ஒரு அடி எழும்பமாட்டார்.

பழைய எஞ்சின் ஓய்ந்துபோனதும், அதைவிட முப்பது குதிரைத்திறன் கூடுதலான ஒன்றை மாட்டினார்கள். முதல் நாளே விமானம் ஓடுபாதையில் பாதிகூடத் தாண்டாமல் அவிழ்த்துவிட்ட கன்றுக்குட்டிபோல எகிறியது. இருவருக்கும் வாய் காதுவரை போயிற்று. ஆனால் இரண்டாயிரம் அடி ஏறுவதற்குள் மூன்றாவது சிலிண்டரின் சூடு சிவப்புக் கோட்டை எட்டிப் பார்த்தது. சிரிப்பை முழுங்கிவிட்டு இறங்கினார்கள்.

மூன்று வாரமாக அதே கதை. மெக்கானிக் லேசுப்பட்டவர் இல்லை. சூடு காட்டும் முள் பொய் சொல்கிறதோ என்று இரண்டாவது, மூன்றாவது சிலிண்டர்களின் சென்சார்களை இடம் மாற்றி மாட்டினார். சூடு மூன்றாவதை விட்டு நகரவில்லை. பெட்ரோல் சரியாகப் போகிறதா என்று பார்த்தார். போனது.

சனிக்கிழமை காலை, கொட்டகையில் எஞ்சினின் மேல் மூடியைக் கழற்றி வைத்துவிட்டு மூவரும் அதைச் சுற்றி நின்றார்கள். எஞ்சினைச் சுற்றித் தகரத் தடுப்பு. தடுப்பின் விளிம்பில் ரப்பர் பட்டை. முன்னால் நுழையும் காற்று வெளியே நழுவாமல், சிலிண்டர்களின் இடுக்கு வழியாகக் கீழே இறங்கினால்தான் எஞ்சின் குளிரும்.

"அண்ணே, மேல் மூடி இந்த ரப்பரை எல்லா இடத்துலயும் தொடுதா?" என்றாள் டாக்டர்.

"தொடணும்மா. மூடினப்புறம் யாரு உள்ள போய்ப் பாக்கறது?"

டாக்டர் சட்டென்று நிமிர்ந்தாள். "பேஷண்ட் வாயை மூடினப்புறம் நானும்தான் உள்ள போய்ப் பாக்க முடியாது. கலர் தாளைக் கடிக்கச் சொல்லுவேன். எந்தப் பல்லு படுது, எது படலைன்னு அதுவே காட்டிக்கொடுத்துடும்." நாத்தனார் பக்கம் திரும்பினாள். "உன் லிப்ஸ்டிக்கைக் குடு."

"அண்ணி, போன வாரம்தான் வாங்கினேன்."

"வேற வாங்கித் தரேன், குடு."

ரப்பர் விளிம்பு முழுக்கச் சிவப்பைத் தீட்டினார்கள். மெக்கானிக் மூடியை வைத்துத் திருகுகளையெல்லாம் முடுக்கி, மறுபடி கழற்றி, கவிழ்த்துப் பிடித்தார். மூடியின் உட்புறத்தில் சிவப்புக் கோடு சுற்றி ஓடிவந்து, பின்பக்க வலது மூலையில் ஒரு சாண் நீளத்துக்குக் காணாமல் போயிருந்தது. மூன்றாவது சிலிண்டர் இருப்பது அந்த மூலையில்தான்.

மெக்கானிக் அந்த இடைவெளியில் விரலை ஓட்டினார். "மூடி பழசு, எஞ்சின் புதுசு" என்றார். "இந்தப் பக்கம் கொஞ்சம் தாழ உக்காந்திருக்கு. பழைய ரப்பர் எட்டலை. காத்து மேலாப்புல தப்பிச்சுப் போயிருக்கு. நான் எங்கெல்லாமோ தேடினேன்."

அகலமான பட்டையை வெட்டி அந்த மூலையில் பொருத்தினார். இன்னொரு பூச்சு, இம்முறை கோடு எங்கும் அறுபடவில்லை. லிப்ஸ்டிக் தீர்ந்தே போனது. ரப்பரைத் துடைத்து, மூடியை மாட்டி, பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். "மைதானத்தைச் சுத்தியே ஏறுங்க. முள்ளு சிவப்பைப் பாத்து நகந்தா உடனே இறங்கிடுங்க."

டாக்டர் ஓட்டினாள். நாத்தனார் முள்ளைவிட்டுக் கண்ணெடுக்காமல் வாய்விட்டுப் படித்தாள். "ஆயிரம் அடி, நூத்தி எழுபது டிகிரி. ரெண்டாயிரம், நூத்தி எண்பத்தஞ்சு." டாக்டர் ஏற்றத்தைக் குறைக்கவில்லை. "மூவாயிரம், நூத்தித் தொண்ணூறு. அண்ணி, அப்படியே நிக்குது." நாலாயிரம் அடியிலும் அது நூற்றுத் தொண்ணூறுதான். ஐயாயிரத்தில் நாத்தனார் படிப்பதை நிறுத்திவிட்டு டாக்டரின் தோளில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். கீழே வெள்ளை வெளேரென்று மேகம். புது எஞ்சின் மாட்டியதிலிருந்து அவர்கள் மேகத்தை மேலிருந்து பார்ப்பது அதுதான் முதல் தடவை.

ரேடியோவில் மெக்கானிக்கின் குரல் கேட்டது. "என்னம்மா, இறங்கலையா?"

"முள்ளு அசையலைண்ணே, பெட்ரோலும் நிறைய இருக்கு" என்றாள் நாத்தனார். "கடல் வரைக்கும் போயிட்டு வரோம்."