தள்ளிப்போயிருக்கு

மாமனார் வந்து கையிலிருந்த தண்ணீர் கேனைப் பிடுங்கிக்கொண்ட அன்றுதான் அவளுக்கு முதல் சந்தேகம் தட்டியது.

இருபது லிட்டர் கேன். வீடு மூன்றாவது மாடியில். லிஃப்ட் என்று ஒன்று இருக்கிறது, பேருக்கு. கேனைக் கீழே இறக்கி வைத்து மணியை அடிப்பதோடு தண்ணீர்க்காரரின் கடமை முடிந்துவிடும். மேலே ஏற்றுவது ஒரு வாரம் அவள், ஒரு வாரம் அவள் கணவன். மாமனாருக்கு முழங்கால் வலி. சாப்பிட்ட தட்டை எடுத்து வைப்பதற்கே பெருமூச்சு விடுகிற மனிதர். அவர் படிக்கட்டில் நின்று, "நீ விடும்மா, நான் பாத்துக்கறேன்" என்று கேனைத் தோளில் ஏற்றிக்கொண்டு போனால் யாருக்குத்தான் சந்தேகம் வராது?

கணவன் அவளுக்கு வைத்திருந்த பட்டப்பெயர் சிஐடி. சும்மா வைக்கவில்லை. கடைக்காரர் கொஞ்சம் அதிகமாகச் சிரித்தால் தக்காளியைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். அவன் சொல்லாமல் பூ வாங்கி வந்தால் என்ன தப்பு செய்தாய் என்று கேட்பாள். ஆனால் பிறக்கும்போதே இப்படிப் பிறந்தவள் இல்லை. அவளை இப்படி ஆக்கியது அவள் உடம்பு.

மற்றப் பெண்களுக்கு நாள் தள்ளிப்போனால் அது செய்தி. இவளுக்கு அது வாடிக்கை. மாதக்கணக்கில் தள்ளிப்போகும், பிறகு சொல்லாமல் கொள்ளாமல் வந்து அவளை ஒரு வழி பண்ணிவிட்டுப் போகும். நடுவில் மார்பு கனக்கும், வாய் கசக்கும், தலை சுற்றும், எல்லா அறிகுறியும் முறையாக வந்து ஆஜராகும். எல்லாம் பொய்ச் சாட்சி. சொந்த உடம்பே கூண்டில் ஏறிப் பொய் சொன்னால் வேறு யாரைத்தான் நம்புவது?

பிசிஓஎஸ் என்றார் டாக்டரம்மா. ஸ்கேன் படத்தில் கறுப்புக் கறுப்பாகப் புள்ளிகளைக் காட்டினார். "முட்டை மாசாமாசம் சரியா முதிர்ந்து வெளியில வர்றதில்ல. அதனால குழந்தையே வராதுன்னு அர்த்தம் இல்லம்மா. எப்போன்னு சொல்ல முடியாது, அவ்வளவுதான்."

அவளுக்குச் சிரிப்புதான் வந்தது. ஏனென்றால் அவள் பிழைப்பும் அதே வசனம்தான். சோபா செய்கிற பட்டறையில் ஆர்டர்களைக் கவனிக்கிற வேலை. எப்போ வரும், எப்போ வரும் என்று காலையிலிருந்து சாயங்காலம் வரை வாடிக்கையாளர்கள் போனில் கத்துவார்கள். தள்ளிப்போயிருக்குங்க, இப்போதைக்குத் தேதி சொல்ல முடியாதுங்க என்று இவள் குழைவாள். லீவு நாளில் வீட்டுக்கும் போன் வரும். வாய் பேசிப் பேசித் தேய்ந்துபோன வார்த்தை அது.

ஒரே ஒரு முறை உடம்பை நம்பி ஏமாந்திருக்கிறாள். கல்யாணமான இரண்டாம் வருடம். நாள் தள்ளிப்போனதும் வாய் கொள்ளாமல் மாமியாரிடம் சொல்லிவிட்டாள். மாமியாருக்கு வயிற்றில் எந்த விஷயமும் தங்காது. மாடி மாடியாக ஏறி இறங்கி இனிப்பு கொடுத்துவிட்டு வந்தார். அடுத்த வாரமே எல்லாம் பொய் என்றாகிவிட்டது. அதற்கப்புறம் படிக்கட்டில் எதிர்ப்பட்டவர்களெல்லாம் இவளைப் பார்த்து முகத்தைத் தொங்கப்போட்டார்கள். அந்த அவமானத்தில் வீட்டுக் கூடத்தில் நின்று சொன்னாள்: "இனிமே உறுதியாத் தெரியாம நான் வாயைத் திறக்க மாட்டேன். யாரும் என்னை விசேஷம் உண்டான்னு கேக்கவும் கூடாது." யாரும் கேட்கவில்லை. இரண்டு வருடமாக வீட்டில் அந்தப் பேச்சே இல்லை.

கேனுக்கு அடுத்து பால். மாமியார் தினமும் ராத்திரி ஒரு டம்ளர் பாலைக் கொண்டுவந்து நீட்ட ஆரம்பித்தார், அதுவும் ஆற்றி. "எதுக்கு அத்தை?" என்றால், "சும்மாதான், குடி" என்றார். சும்மா ஒரு காரியம் செய்கிற ஆளா அவர்? மேல்தட்டிலிருந்து பெரிய பாத்திரம் எடுக்க ஸ்டூலில் ஏறியவளை, "இறங்கு, இறங்கு, முதல்ல இறங்கு" என்று அலறி இறக்கிவிட்டார். பிறகு அவரே ஏறினார். மகளோடு போனில் பேசிக்கொண்டிருப்பார். இவள் தலையைக் கண்டதும் பேச்சு வெயிலுக்கும் விலைவாசிக்கும் தாவிவிடும். மகளோடு விலைவாசி பேசுகிற முகம் அப்படியா பிரகாசமாக இருக்கும்?

கணவன் இன்னும் மோசம். ஏசி பழுதுபார்க்கிறவன் அவன். ஸ்கூட்டரில் அவன் பின்னால் உட்கார்ந்தால் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டுதான் உட்கார வேண்டும். அவன் இப்போது வேகத்தடைக்கு முன்னால் நின்று, நிதானித்து, கண்ணாடிச் சாமான் ஏற்றிய வண்டி மாதிரி உருட்டிக்கொண்டு போனான். சைக்கிள்காரர்களெல்லாம் முந்திப் போனார்கள்.

வேலையை விட்டு அனுப்பப்போகிற ஆளுக்குத்தான் பட்டறை முதலாளி கடைசி வாரம் கூப்பிட்டு உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுப்பார். அவள் கண்ணாலேயே பார்த்திருக்கிறாள். அந்த நினைப்பு வந்ததிலிருந்து பால் தொண்டையில் இறங்கவில்லை.

ஒரு நாள் பட்டறையில் மின்சாரம் இல்லை, சீக்கிரமே வீட்டுக்கு வந்துவிட்டாள். வாசலில் ஒரு செருப்பைக் கழற்றியிருப்பாள், உள்ளே சின்ன அறையிலிருந்து பேச்சுக் குரல் கேட்டது. பழைய அலமாரி கூடத்துக்கு வந்திருந்தது. மாமனார் டேப்பை நீட்டிச் சுவரை அளந்துகொண்டிருந்தார்.

"புதுசா வர்ற ஆளுக்கு இந்த ரூம்தான் சரி. வெளிச்சமும் இருக்கு, காத்தும் வருது" என்றார் அவர்.

"மெதுவாப் பேசுங்க. அவ வர்ற நேரம்" என்றது மாமியார் குரல்.

"அவகிட்ட நேராவே கேட்டுட்டா என்ன?"

"கேக்கவே கூடாது. அவளா வாயைத் திறந்து சொல்லட்டும். பையன்கிட்டயும் அப்படித்தான் சொல்லி வச்சிருக்கேன்."

ஒரு காலில் செருப்போடு அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். புதிதாக ஓர் ஆள் வரப்போகிறது. கணவனுக்கும் தெரியும். இவளாக வாயைத் திறந்து என்ன சொல்ல வேண்டுமாம்? 'நான் விலகிக்கறேன், அவருக்கு வேற ஒருத்தியைக் கட்டி வைங்க' என்றா? கேன், பால், ஸ்டூல், ஸ்கூட்டர் எல்லாம் ஒன்றோடு ஒன்று கச்சிதமாகப் பொருந்திவிட்டது. நான்கு வருடத்தில் கணவன் ஒரு தடவைகூட அவளைக் குத்திக்காட்டியதில்லை. அன்றைக்கு அதுவும் சந்தேகமாகப் பட்டது. குத்திக்காட்டாதவன் மனதுக்குள் எவ்வளவு சேர்த்து வைத்திருப்பான்? அவனை அவளுக்கு அவ்வளவு பிடிக்கும் என்பது அந்த நேரத்தில்தான் அவளுக்கே உறைத்தது.

மறுநாள் காலையில் ஸ்கூட்டர் ஊர்ந்துகொண்டிருந்தபோது அவன் தோளைத் தட்டினாள்.

"என்னங்க, வண்டிய ஓரமா நிறுத்துங்க."

பதறிப்போய் நிறுத்தினான். "என்னாச்சு? தலை சுத்துதா?"

"சின்ன ரூமுக்கு வரப்போறது யாரு? மறைக்காதீங்க. மாமா டேப் வச்சு அளந்ததை என் கண்ணால பாத்தேன்."

அவன் ஹெல்மெட்டைக் கழற்றினான். முகமெல்லாம் பல். "கண்டுபிடிச்சிட்டியா சிஐடி! பையனா பொண்ணான்னு இப்பவே கேட்டா நான் எப்படிச் சொல்றது? நீ எப்ப சொல்லுவே எப்ப சொல்லுவேன்னு நாங்க மூணு பேரும் வாயைக் கட்டிக்கிட்டு இருக்கோம்."

அவளுக்குப் புரிய ஒரு நொடி ஆனது.

"யார் சொன்னது உங்களுக்கு?"

"நீதான். ரெண்டு வாரம் முன்னாடி ஞாயித்துக்கிழமை பால்கனியில போன் பேசினே. அம்மா துணி எடுக்க வந்தாங்களாம். 'ஆமா, தள்ளித்தான் போயிருக்கு. இப்போதைக்கு யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க. டெலிவரிக்கு இன்னும் மாசக்கணக்குல இருக்கு, நல்லபடியா வந்து சேரட்டும்'னு சொன்னியாம். அப்புறம் நீ தனியா டாக்டர்கிட்ட வேற போயிட்டு வந்தே."

"அது சோபா" என்றாள்.

"என்னது?"

"சோபாங்க. மேல போடற துணி கப்பல்ல மாட்டிக்கிச்சு. வாங்கினவங்ககிட்ட இப்பவே சொல்லிடாதீங்கன்னு பட்டறையில ஸ்டோர் பாக்கறவர்கிட்ட சொன்னேன். டாக்டர்கிட்ட போனது எப்பவும் எடுக்கற ரத்த டெஸ்ட்டுக்கு."

அவன் சிரிப்பு அப்படியே நின்றது. "அப்போ... இல்லையா?"

"இல்ல."

ஹெல்மெட்டை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டான்.

"அத்தைக்குத்தான் தெரியாது. உங்களுக்குத் தெரியாதா? எனக்கு எந்த மாசம் தள்ளிப்போகாம இருந்திருக்கு?"

"தெரியும். ஆனா நம்பணும்போல இருந்துச்சு" என்றான் அவன்.

அவளுக்கு அவன் மேல் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. வெட்கமாக இருந்தது. யாரோ ஒருத்தி வரப்போகிறாள் என்று இவள் ராத்திரியெல்லாம் புரண்டுகொண்டிருந்தபோது, பக்கத்தில் படுத்திருந்தவன் ஒரு பிள்ளையை வைத்துக் கொஞ்சிக்கொண்டிருந்திருக்கிறான். இவள் ஒரு பாவமும் அறியாதவள். ஆனாலும் மூன்று பேர் கையிலிருந்து ஒரு குழந்தையைப் பிடுங்கிக்கொண்டது போலிருந்தது.

"அம்மாகிட்ட நான் சொல்லிக்கறேன்" என்றான்.

"வேண்டாம். என் வாயால கேட்டாங்க, என் வாயாலயே கேக்கட்டும்."

அன்று ராத்திரி மாமியார் பாலை ஆற்றிக்கொண்டிருந்தபோது சமையலறைக்குள் போனாள். "அத்தை, அன்னைக்குப் போன்ல தள்ளிப்போயிருக்குன்னு சொன்னேன்ல? அது சோபா."

டம்ளர் நடுவானில் நின்றது. "சோபாவா?"

"ஆமா அத்தை."

"எந்த சோபா?"

"மூணு பேர் உக்கார்றது."

"ஓ" என்றார் மாமியார். டம்ளரை மேடையில் வைத்தார், அடுப்பைத் துடைத்தார், ஏற்கனவே துடைத்த இடத்தையே இன்னொரு தடவை துடைத்தார், அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கூடத்தில் மாமனார் செய்தித்தாளைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார். பால் ஆறி, ஏடு படிந்து, அங்கேயே இருந்தது.

மறுநாள் கேன் வருகிற நாள். கணவன் விடியற்காலையிலேயே ஒரு ஆபீசில் ஏசி பார்க்கப் போய்விட்டான். கீழே மணி அடித்தது. அவள் வேண்டுமென்றே கொஞ்சம் தாமதித்தாள். சிஐடி புத்தி எங்கே போகும்? குழந்தை இல்லை என்றான பிறகு அந்த வீட்டில் யார் எழுந்து வருகிறார்கள் என்று பார்த்துவிட வேண்டும். மாமனார் குளியலறையில் இருந்தார். மாமியாரின் கதவு திறக்கவில்லை. சரி, கணக்கு தெரிந்துபோயிற்று என்று தனியாக இறங்கிப் போனாள்.

இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஒரு மாடி ஏறியதும் மூச்சு வாங்கியது. தண்ணீர் குலுங்கித் தள்ளியது. கேனை இறக்கி வைத்துவிட்டு நிமிர்ந்தால், மேலிருந்து மாமியார் இறங்கி வந்துகொண்டிருந்தார். தலையை வாரக்கூட இல்லை. கண் ரெண்டும் வீங்கிக் கிடந்தன.

"ஒரு பக்கம் பிடி" என்றார்.

"நான்தான் இல்லேன்னு சொல்லிட்டேனே, அத்தை."

"காது கேட்டுச்சு. பிடி."

ஆளுக்கு ஒரு பக்கமாகத் தூக்கினார்கள். உயரம் ஒத்துவரவில்லை. கேன் மாமியார் பக்கமே சாய்ந்தது. அவர் முனகினாரே தவிர விடவில்லை. வளைவில் இறக்கி வைத்து மூச்சு வாங்கினார்கள்.

"அந்த அலமாரிய மறுபடி உள்ள வச்சிடலாம் அத்தை. ரூமைக் காலியாப் பாத்தா எனக்கு முடியல" என்றாள் அவள்.

"எனக்கும்தான். வச்சிடலாம்." மாமியார் முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "அந்த டாக்டரம்மாவை மறுபடி எப்பப் பாக்கணும்?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். பழக்கதோஷம், உடனே உள்ளே ஒன்று உஷாரானது. "ஏன் அத்தை?"

"நானும் வரேன். உனக்கு என்னதான்னு எனக்கு ஒழுங்காத் தெரியாது. என் பையனும் சொல்ல மாட்டான். நீயும் சொல்ல மாட்டே." கேனின் மூடியை அழுத்திப் பார்த்தார். "ஒட்டுக்கேட்டுத் தெரிஞ்சிக்கிட்டது போதும். கூட உக்காந்து நேராக் கேக்கறேன்."

அந்த முகத்தில் வேறு ஏதாவது ஒளிந்திருக்கிறதா என்று அவள் தேடிப் பார்த்தாள். வீங்கிய கண்ணும் கலைந்த தலையும்தான் இருந்தன.

"வாங்க அத்தை" என்று சொல்லிவிட்டு, கேனின் கனமான பக்கத்துக்கு அவள் மாறி நின்றுகொண்டாள்.