கேசரி கிண்டி ஆள் பார்த்தோம்

தேனி ஹோம் கேர் ஆபீசில் போனை எடுத்த பெண் நிதானமாகத்தான் கேட்டாள். ஊசி, மருந்துக்கு நர்ஸ் வேண்டுமா, குளிப்பாட்டி நடக்கவைக்க அட்டெண்டர் போதுமா? எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. “நல்ல குடும்பத்துப் பையனா அனுப்பும்மா” என்றேன். போடி கடைவீதியில் ஏலக்காய் வியாபாரம் பார்த்துக்கொண்டே மூன்று பிள்ளைகளுக்குச் சம்பந்தம் பேசியவள் வேறு எப்படிக் கேட்பாள்?

என் கணவர் சுயம்புலிங்கத்துக்குப் பக்கவாதம். வலது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சும் குழறும். ஊட்டுவது, துடைப்பது, புரட்டிப் படுக்கவைப்பது எல்லாம் நான்தான். ஆள் கனம் கொஞ்சமா? என் இடுப்பு கழன்றேவிட்டது. வேறு யார் தொட்டாலும் கத்துவார். இப்படியே போனால் நீங்களும் படுத்துவிடுவீர்கள் என்று டாக்டர் என்னைத் திட்டியே விட்டார்.

முதலில் வந்தவனுக்குக் கேசரி கொடுத்து, சர்ச்சில் பாடும் ஞானப்பாட்டு ஒன்றைப் பாடச் சொன்னேன். அருமையான குரல். உடனே சரி என்றுவிட்டேன். குளிப்பாட்டப் போனவனுக்கு இவர் இடது கையால் விட்ட அறையில், மதியத்துக்கு முன்பே பஸ் ஏறிவிட்டான்.

அடுத்து வந்தவன் பாண்டீஸ்வரன், குச்சனூர்க்காரன். அவனுக்கும் கேசரி கிண்டினேன், பழக்கம் விடுமா? தட்டை நீட்டிவிட்டு விசாரணையை ஆரம்பித்தேன். எந்தத் தெரு, அப்பா என்ன செய்கிறார், குடி கிடி உண்டா. எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னவன், கேசரியைத் தொடாமல் எழுந்தான்.

“அய்யா எங்கன இருக்காகம்மா? அவுககிட்டயும் ஒரு வார்த்த கேக்கணும்ல?”

“அவுக என்னத்தச் சொல்லப் போறாக தம்பி? எதுனாலும் என்கிட்டக் கேளு.”

அதற்குள் கட்டிலருகே போய்க் குனிந்துவிட்டான். “அய்யா, நான் பாண்டீஸ்வரன். ஒங்களப் பாத்துக்கிற வந்துருக்கேன். வேணாம்னா இப்பவே போயிர்றேன். வேணும்னா, மொதல்ல என்ன செய்யட்டும், சொல்லுங்க.”

இவருடைய இடது கை மேலே வந்தது. இவனுக்கும் அறைதான் என்று நினைத்தேன். அந்தக் கை தன் தாடையைப் போய்த் தடவியது.

“ஷே… ஷேவிங்கு.”

முகம் மழிக்காமல் ஒருநாளும் கடை திறக்காத மனிதர். பிளேடு பட்டுவிடும் என்று பயந்து நான் அந்தத் தாடியை வளரவிட்டிருந்தேன். என்ன வேண்டும் என்று ஒருவரும் அவரைக் கேட்கவில்லை, நான் உட்பட. போன ஆளுக்கு விழுந்த அறை எதற்கென்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

பாண்டீஸ்வரன் அவரை நிமிர்த்தி உட்காரவைத்து, கண்ணாடியைக் கையில் கொடுத்துவிட்டு ஷேவ் செய்தான். பிறகு குளியல். சத்தமே இல்லை. கதவுக்கு வெளியே நின்று கர்த்தருக்கு நன்றி சொன்னேன். அந்தப் பிள்ளையை அனுப்பிவைத்த ஊர் என்று குச்சனூர்ச் சனீஸ்வரருக்கும் சேர்த்தே சொன்னேன், பாஸ்டர் கோபித்தால் கோபிக்கட்டும்.

வெள்ளைச் சட்டை போட்டு, அவன் தோளைப் பிடித்துக் காலை இழுத்தபடி வெளியே வந்தவர், நாற்காலியில் உட்கார்ந்து என் முகத்தையே பார்த்தார்.

“சாராளு… நீ சாப்ட்டியா?”

படுக்கையில் விழுந்த பிறகு அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி. எனக்கு அழுகை வந்துவிட்டது. அடுப்படிக்குப் போய் மிச்சமிருந்த கேசரியை எடுத்துவந்து, அவர் பார்க்கப் பார்க்கச் சாப்பிட்டேன்.