நாற்காலியைச் சுற்றி மூன்று அடி

எங்கள் வீட்டில் குளியலறைக் கதவிலிருந்து முன் ஜன்னல் வரை பத்தொன்பது காலடி. என் காலடியில் அல்ல, என் மனைவியின் காலடியில். ஊரடங்கு இருந்த மாதங்களில் அவள் அந்தத் தூரத்தை ஒரு நாளைக்கு முந்நூறு தடவை போய்த் திரும்பினாள். அந்த வழியின் நடுவில், சாப்பாட்டு மேசைக்கும் புத்தக அலமாரிக்கும் இடையில், என் மர நாற்காலி கிடந்தது. அதில் உட்கார்ந்து நான் படித்துக்கொண்டிருந்தேன்.

அவள் தம்பிக்கு ஈரல் கெட்டுப்போயிருந்தது. கண் மஞ்சளாகி, வயிறு ஊதி, முப்பத்தெட்டு வயதில் நாலு படி ஏறுவதற்குள் மூச்சு வாங்கினான். இன்னொருவர் ஈரலில் ஒரு பகுதியை எடுத்து வைத்தால்தான் பிழைப்பான் என்றார்கள். குடும்பத்தில் எல்லாம் பொருந்தி வந்தது அவளுக்கு மட்டும்தான். ஆனால் ஸ்கேன் எடுத்துப் பார்த்தபோது அவள் ஈரலில் நூற்றுக்கு இருபத்திநான்கு பங்கு கொழுப்பு இருந்தது. பத்துக்குக் கீழே வராமல் கத்தி வைக்க முடியாது என்றார் மருத்துவர்.

"மூணு மாசம் உங்க தம்பியைத் தாங்க வைக்கிறோம். அதுக்குள்ள நீங்க இளைச்சு வாங்க. எண்ணெய், இனிப்பு ரெண்டும் கூடாது. தினமும் நல்லா நடக்கணும்."

தம்பி அந்த நிலையிலும் சிரித்தான். "சின்ன வயசுலேருந்து சொல்றேன், அக்காவுக்குக் கொழுப்பு ஜாஸ்தின்னு. ஒருத்தரும் நம்பல. இப்பப் படம் புடிச்சே காட்டிட்டாங்க."

"வாயை மூடுடா. நாளைக்கு உன் வயித்துக்குள்ளயும் என் ஈரல்தான் உக்காந்திருக்கப்போகுது. அப்பவும் இப்படிப் பேசினா உள்ளயிருந்தே கிள்ளுவேன்" என்றாள்.

நான்காம் நாள் ஊரடங்கு வந்தது. பூங்காவுக்குப் பூட்டுப் போட்டார்கள். தெருவில் இறங்கினால் காவலர்கள் திருப்பி அனுப்பினார்கள். நான் வேலை பார்த்த கல்லூரி நூலகமும் மூடியாயிற்று. உண்மையைச் சொல்கிறேன், அன்று மாலை எனக்கு ஒரு நிம்மதி வந்தது. அதை நான் யாரிடமும் காட்டவில்லை. இனி எங்கே நடப்பாள், எப்படி இளைப்பாள் என்று எனக்குள் ஒரு குரல் கேட்டது. அவளுடைய வயிற்றைக் கிழிப்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. "உங்களுக்குச் சம்மதம்தானே?" என்று அவள் கேட்டபோது "உன் இஷ்டம்" என்று சொல்லியிருந்தேன். அந்த இரண்டு வார்த்தைக்குப் பின்னால் ஒரு ஆள் தாராளமாக ஒளிந்துகொள்ளலாம்.

அவள் காப்பீட்டு அலுவலகத்தில் இழப்பீட்டுப் பிரிவில் இருந்தாள். இருபது வருடமாக அவள் உடம்புக்குத் தெரிந்த நடை, மேசையிலிருந்து கோப்பு அலமாரி வரைக்கும்தான். இப்போது அந்த மேசையும் வீட்டுக்கு வந்துவிட்டது. அவள் ஒரு விதி வைத்துக்கொண்டாள்: கை வேலை உட்கார்ந்து, காது வேலை நடந்து. தட்டச்சு செய்யும்போது மட்டும் நாற்காலி. யாராவது பேசுவதைக் கேட்கவேண்டிய நேரமெல்லாம் மடிக்கணினியைக் குளிர்சாதனப் பெட்டியின் தலையில் வைத்துவிட்டு நடை.

முதல் நாள் நாற்பது சுற்றிலேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். முழங்கால் வீங்கியது. இரண்டாம் வாரம் குதிகால் வெடித்து, போன இடமெல்லாம் தரையில் சின்னச் சின்ன ரத்தப் புள்ளிகள். துணியால் துடைத்துவிட்டு, பழைய காலுறையை மாட்டிக்கொண்டு அடுத்த சுற்றைத் தொடங்கினாள். திரும்பும் இடத்தில் ஒவ்வொரு முறையும் சுவரை உள்ளங்கையால் தொடுவாள். தொட்டால்தான் அது கணக்கில் சேரும். ஏழாவது வாரம் ஜன்னலுக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு கை அளவுக்குக் கறை படிந்திருந்தது.

நான் பக்கங்களைப் புரட்டினேன். என்ன படித்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. வரும்போதும் போகும்போதும் அவள் என் நாற்காலியைச் சுற்றி, மேசை முனையில் இடுப்பை ஒடுக்கிக்கொண்டு போனாள். நகர்த்தச் சொல்லி ஒரு முறைகூடக் கேட்கவில்லை. நானும் நகர்த்தவில்லை. அந்த நாற்காலிதான் நான் சொல்லாத பேச்சு.

அவளுடைய மேலாளருக்கு அலுவலகத்தில் மணிக்கூண்டு என்று பெயர். மணிக்கொரு தரம் "எதுவரைக்கும் வந்திருக்கு?" என்று கேட்பார். ஒரு நாள் காலைக் கூட்டத்தில், ஒலிவாங்கியை அணைத்துவிட்டதாக நினைத்துக்கொண்டு அவள் நடந்துகொண்டிருந்தாள்.

"உங்க பிரிவுல நிலுவை எத்தனைம்மா?" என்றார் மணிக்கூண்டு.

"நூத்திப் பதினாலு" என்றாள் அவள், சுவரைத் தொட்டபடி.

"அவ்வளவா? போன வாரம் அறுபதுதானே இருந்துது?"

அவள் அந்தப் பக்கம் போய்த் திரும்பினாள். "நூத்திப் பதினஞ்சு."

"என்னம்மா இது, பேசிக்கிட்டிருக்கும்போதே ஒண்ணு ஏறுது!"

அவள் ஓடிவந்து கணினி முன்னால் நின்றாள். "சார், சார், அது நிலுவை இல்ல சார். நான் நடந்துக்கிட்டிருக்கேன்."

"வெளியிலயா? புடிச்சிட்டுப் போயிடுவாங்கம்மா."

"வீட்டுக்குள்ளதான் சார்." பிறகு மூச்சு வாங்க வாங்கக் காரணத்தைச் சொன்னாள். நாலு வாக்கியத்தில் முடித்துவிட்டாள். பதினோரு பேர் இருந்த கூட்டத்தில் சத்தமே இல்லை. அதில் ஒரு வீட்டுக் குக்கர் மட்டும் விசில் அடித்தது. மௌனத்தில் எனக்குக் கொஞ்சம் அனுபவம் உண்டு. அது யாரும் எதையும் ஒளித்துவைக்காத மௌனம்.

கடைசியில் மணிக்கூண்டு தொண்டையைச் செருமிக்கொண்டார். "நிலுவைப் பட்டியலை நான் படிக்கிறேன். தப்பு இருந்தா மட்டும் சொல்லு. நீ நடம்மா."

மறுநாள் கூட்டத்தில் இன்னொரு வீட்டிலிருந்தும் செருப்புச் சத்தம் கேட்டது. "யாருப்பா அது?" என்று யாரோ கேட்டதற்கு மணிக்கூண்டு பதில் சொன்னார்: "நான்தான். உக்காந்து உக்காந்து நாற்காலிக்கே என் உருவம் வந்துடுச்சு."

பன்னிரண்டாவது வாரம். மறு ஸ்கேனுக்கு ஐந்து நாள் இருந்தது. அவள் அலுவலக அழைப்பில் நடந்துகொண்டிருந்தாள். தம்பி என் கைப்பேசியில் கூப்பிட்டான். வழக்கமாக அவளைத்தான் கூப்பிடுவான்.

"மாமா, அக்கா பக்கத்துல இருக்காளா?"

"நடந்துக்கிட்டிருக்கா."

"கேக்குது." கொஞ்ச நேரம் இரண்டு பேருமே அந்தச் சத்தத்தைக் கேட்டோம். "மாமா, எனக்குத் தூக்கம் வரல. ஆப்பரேஷன்ல அவளுக்கு ஏதாவது ஆயிட்டா, அதுக்கப்புறம் நான் இருந்து என்ன பண்றது? நான் சொன்னா அடிக்க வருவா. நீங்க வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. நீங்க பேசறதே அபூர்வம். நீங்க சொன்னா நிப்பா."

எண்பது நாளாக நான் உள்ளுக்குள் கேட்டுக்கொண்டிருந்ததை அவனே கொண்டுவந்து என் கையில் வைத்தான். சாகக் கிடக்கிறவன் வைத்தான். 'சரி' என்று ஒரு சொல் போதும். அவள் ஜன்னலிலிருந்து வந்துகொண்டிருந்தாள். சேலைக்கு மேல் கட்டிய துண்டு நனைந்திருந்தது. முகம் பாதியாகியிருந்தது. உதடு எண்ணிக்கையை முணுமுணுத்தது. நாற்காலிக்கு வந்ததும், என்னைப் பார்க்காமலேயே, இடுப்பை ஒடுக்கிச் சுற்றிக்கொண்டு போனாள். எண்பது நாளில் அவள் முகத்தில் ஒரு சுளிப்பையும் நான் பார்க்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. எனக்கு வெட்கமாக இருந்தது.

"மாமா? இருக்கீங்களா?"

"கொஞ்சம் இரு" என்றேன். எழுந்து நாற்காலியைப் பிடித்து இழுத்தேன். தரையில் பெரிய கீச்சல்.

"என்ன மாமா சத்தம்?"

"நாற்காலியை நகத்துறேன்டா. உங்க அக்காவுக்கு வழியில இருக்கு. நான் அவகிட்ட எதுவும் சொல்லப்போறதில்ல. நீ நல்லா சாப்பிடு" என்று சொல்லி வைத்துவிட்டேன். அவனிடம் நான் அத்தனை பேசியது அதுதான் முதல் தடவை.

திரும்பி வந்தவள் அப்படியே நின்றாள். "ஏங்க, அதை ஏன் எடுத்தீங்க?"

"உனக்கு இடைஞ்சலா..."

"நேரா போனா பதினாறு அடிதான். உங்களைச் சுத்திப் போறதாலதான் பத்தொன்பது. ஒவ்வொரு தடவையும் மூணு அடி லாபம்னு எண்பது நாளா சேத்து வெச்சிருக்கேன். இப்பப் போய் எடுத்தா என் கணக்கு என்னாகறது? முன்ன இருந்த இடத்துலயே போடுங்க."

நான் போட்டேன். அவள் அதன் முதுகில் கை வைத்துக்கொண்டு மூச்சு வாங்கினாள்.

"இதை நீங்க ஏன் நகத்தலன்னு எனக்குத் தெரியாதா? பயமா இருந்தா வாயைத் திறந்து பயம்னு சொல்லுங்க. பாவம், இந்த நாற்காலியை ஏன் பேச விடறீங்க?"

நானும் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு, "பயமா இருக்கு" என்றேன்.

"எனக்கும்தான். வாங்க, நடக்கலாம். இன்னும் எழுபது சுத்து இருக்கு."

பின்னாலேயே நடந்தேன். முப்பதாவது சுற்றில் என் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. அவள் திரும்பிக்கூடப் பார்க்காமல், "புத்தகம் படிக்கிற காலு அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லிக்கொண்டே போனாள்.

ஸ்கேன் அன்று மருத்துவமனைத் தாழ்வாரத்தில் ஒன்று விட்டு ஒரு நாற்காலியில் பெருக்கல் குறி ஒட்டியிருந்தார்கள். என்னை உட்காரவைத்துவிட்டு அவள் நடந்தாள். "ஒரு இடத்துல உக்காரும்மா" என்று காவலாளி இரண்டு முறை சொல்லிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார். மருத்துவர் காகிதத்தோடு வெளியே வந்து அவளைக் கூப்பிட்டார். அவள் பாதிச் சுற்றில் இருந்தாள். வேறு வழியில்லாமல் அவரும் பக்கத்திலேயே நடந்தார்.

"ஏழு" என்றார், முகக்கவசத்துக்குள்ளிருந்து. "நான் பத்துதான் கேட்டேன். தேதி குறிச்சிடலாம்."

அவள் நிற்கவில்லை. தாழ்வாரத்தின் கடைசி வரை போய், அங்கிருந்த வெள்ளைச் சுவரை உள்ளங்கையால் தொட்டாள். அதற்குப் பிறகுதான் கைப்பேசியை எடுத்தாள்.

"டேய், கொழுப்பு இறங்கிடுச்சுடா. இனிமே என்னை எதைச் சொல்லித் திட்டுவ?"

அந்தப் பக்கம் அவன் அழுவது எனக்குக் கேட்டது. அவள் போனைக் காதிலிருந்து எடுக்காமல், அடுத்த சுற்றுக்குத் திரும்பியிருந்தாள்.