பன்னிரண்டாம் எண், நலம்

ஞாயிறு காலை பத்தரை மணிக்கு வழக்கம்போலக் குழுவில் எழுதினேன்: "எவாஞ்சலினிடம் பேசினேன். நலம்." எழுதிவிட்டுச் சட்னி தாளிக்கப் போனேன். நான் எவாஞ்சலினிடம் பேசவில்லை. அன்று மட்டுமல்ல, அதற்கு முந்தைய ஐந்து ஞாயிறுகளிலும் பேசவில்லை.

இந்த ஏற்பாடு பிரபுதாஸ் சாருடையது. கல்லூரியில் எங்களுக்கு வரலாறு நடத்தியவர், பழைய மாணவர் சங்கச் செயலாளர். கொரோனா இரண்டாவது அலை வந்து திருத்தணி மலைப்படிகூடக் காலியாகக் கிடந்த நாட்களில், எங்கள் வகுப்பின் வருகைப் பதிவேட்டைத் தேடி எடுத்தார். ஞாயிறுதோறும் ஒவ்வொருவரும் தனக்கு அடுத்த எண்காரரைக் கூப்பிட்டு விசாரித்து, வாட்ஸப் குழுவில் ஒரு வரி போட வேண்டும். "உடம்பு சரியில்லை" என்று வந்தால் போதும், எங்கே படுக்கை காலி என்று விசாரித்து, எங்கள் வகுப்புப் பாலமுருகனைக் காரோடு அனுப்பிவிடுவார். அப்படி மூன்று பேர் பிழைத்து வந்தார்கள்.

பதிவேட்டில் நான் பதினொன்று. எவாஞ்சலின் பன்னிரண்டு. என் போதாத காலம்.

ஆறு வருடங்களுக்கு முன் நடந்த பழைய மாணவர் சந்திப்பில் அவள் மைக்கைப் பிடித்து, நான் விடுதிச் சமையலறையில் முட்டை திருடி மாட்டிக்கொண்ட கதையைச் சொன்னாள். கூட்டமே சிரித்தது. என் வீட்டுக்காரர் எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தார். நானோ ஒரு பள்ளிக்கூடத் தலைமையாசிரியை. அன்றோடு அவளிடம் பேச்சை நிறுத்தினேன். நாலைந்து முறை கூப்பிட்டாள், எடுக்கவில்லை. எனக்குக் கோபம் வந்தால் லேசில் போகாது. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

குழுவில் போடும் பொய்யை அவளும் படிப்பாள் என்று தெரியும். படிக்கட்டும், சாரிடம் போட்டுக்கொடுக்கட்டும், அப்புறம் ஒரு கை பார்க்கலாம் என்றிருந்தேன். அவள் போட்டுக்கொடுக்கவில்லை. வாரா வாரம் என் வரிக்குக் கீழே ஒரு கட்டைவிரலைப் போட்டுவிட்டு, "கஜபதியிடம் பேசினேன். நலம்" என்று பதின்மூன்றாம் எண்ணைப் பற்றித் தன் வரியை எழுதுவாள். ஐந்தாவது ஞாயிறு, அதாவது போன வாரம், கட்டைவிரலும் இல்லை, கஜபதியும் இல்லை. ராங்கிக்காரி, சலித்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்தேன். சார்கூட அவளைக் கூப்பிட நினைத்து, நான் 'நலம்' என்று போட்டிருப்பதைப் பார்த்து விட்டுவிட்டாராம்.

கடுகு வெடிக்கும்போது போன் ஒலித்தது. எவாஞ்சலின் எண்ணிலிருந்து, என் வரிக்கு நேர் கீழே ஒரு வரி: "எவா வியாழக்கிழமை இறந்துவிட்டாள். ஸ்டீவன்."

ஸ்டீவன் அவள் கணவர். நான் மூன்று முறை படித்தேன். அப்போது முதலில் செய்ததைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது: என் வரியை அழிக்கப் பார்த்தேன். அதற்குள் நாற்பது பேர் படித்திருந்தார்கள். சாரின் கேள்வி வந்தது: "டெபோரா, இன்று யாரிடம் பேசினீர்கள்?"

பதில் எழுதாமல் எவாவின் எண்ணைக் கூப்பிட்டேன். முதல் மணியிலேயே ஸ்டீவன் எடுத்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

போன வாரம் சனிக்கிழமை காய்ச்சல், மறுநாள் ஞாயிறு மூச்சுத் திணறல் என்றார். பள்ளிப்பட்டிலிருந்து பஸ் கிடையாது, எந்த வண்டிக்காரரும் வரத் தயாரில்லை. குழுவில் போடு, சார் கார் அனுப்புவார் என்று இவர் சொல்லியிருக்கிறார். அவள் போனை எடுத்துப் பார்த்தபோது என் வரி ஏற்கெனவே வந்திருந்தது.

"மூச்சு வாங்கிகினே சிரிச்சா. 'டெபோரா நான் நல்லாகீறேன்னு போட்டுட்டா. இப்ப நான் முடியலன்னு போட்டா அவ பொய் சொன்னது எல்லாருக்கும் தெரிஞ்சிடும். நாளைக்குப் பாத்துக்கலாம்'னு சொன்னா. நானும் சரின்னு வுட்டுட்டேங்க."

மறுநாள் அவளால் பேசவே முடியவில்லை. எப்படியோ ஒரு ஆட்டோ பிடித்து ஊர் ஊராக அலைந்து, செவ்வாய்க்கிழமைதான் படுக்கை கிடைத்திருக்கிறது. போன் வீட்டிலேயே கிடந்தது. அடக்கம் முடிந்து இன்றைக்குத்தான் அதைத் திறந்தாராம்.

ஒருநாள் முந்தியிருந்தால் பிழைத்திருப்பாளா என்று நான் கேட்கவில்லை. கேட்கத் துணிவில்லை. அடுப்பில் எண்ணெய் கருகிப் புகைந்துகொண்டிருந்தது, அதை அணைக்கவும் தோன்றவில்லை.

"ஸ்டீவன், நான் அவளைக் கூப்பிட்டதே இல்லை" என்றேன்.

"தெரியுங்க" என்றார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "சார் கேட்டுகினு கீறாரு. நான் ஒண்ணும் சொல்லலங்க. சொல்லக்கூடாதுன்னு எவா சொல்லிகீறா."

அவர் வைத்துவிட்டார். குழுவில் சாரின் கேள்வி அப்படியே இருந்தது. எல்லாரும் என் பதிலுக்காகக் காத்திருந்தார்கள். நான் எழுதினேன்: "ஆறு வாரமும் நான் எவாவைக் கூப்பிடவே இல்லை, சார். அது அவளுக்குத் தெரியும்."