பாயிண்டில் இருந்த அட்டை

சாவியைத் திருப்பினால் செல்ஃப் சுற்றியது. என்ஜின் மட்டும் பிடிக்கவில்லை. செவ்வந்தி திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தாள். பழைய பத்மினி கார் வயிற்றுவலிக்காரன் மாதிரி முனகிவிட்டு அடங்கிப்போனது.

"போதும் வுடு, பேட்டரி எறங்கிடப் போவுது," என்றான் அவள் புருஷன் பூவரசன். பானெட்டைத் தூக்கிப் பிடித்தபடி நின்றிருந்தான்.

இன்றைக்குப் பார்த்துத்தானா இப்படி ஆக வேண்டும்? கண்ணமங்கலத்தில் கல்யாண மண்டபங்களுக்கு அலங்காரம் செய்யும் கல்பனா, இன்று மாலை வரவேற்புக்கு இந்தக் காரைக் கேட்டிருந்தாள். பெண்ணும் மாப்பிள்ளையும் பழைய குட்டிக் காரில் வந்து இறங்கி, அதன்மேல் சாய்ந்து நின்று படம் எடுத்துக்கொள்வது இப்போது எல்லாக் கல்யாணங்களிலும் நடக்கிறது. "மதியத்துக்குள்ள வண்டி மண்டபத்துல நிக்கணும். நல்லா இருந்தா இந்த சீசன் முகூர்த்தம் பூரா ஒனக்குத்தான். வரலன்னா ஆரணியில ஒரு வெள்ளக் காரு இருக்குது, அதையே வெச்சிக்குவேன்," என்று கறாராகச் சொல்லியிருந்தாள். ஓட்டப்போவது செவ்வந்தி. புளி உலுக்கினாள், சாமை அறுத்தாள், திருப்பூர் பனியன் கம்பெனிக்கும் போய்வந்தாள். ஒரு வேலை அவளைத் தேடி மலையேறி வந்தது இதுதான் முதல்முறை.

போளூரில் ஒரு வீட்டின் பின்புறம் கிடந்த இந்தக் காரை வாங்கியபோது பின்சீட்டில் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. ஊரில் சிக்னல் கிடைப்பது மேற்கே உள்ள பாறையின்மேல் மட்டும்தான். அங்கே ஏறி உட்கார்ந்து போனில் வீடியோ பார்ப்பாள். இறங்கி வந்து ஒரு நட்டைக் கழற்றுவாள். சந்தேகம் வந்தால் மறுபடி பாறைக்கு ஓடுவாள். கற்றதையெல்லாம் அன்றைக்கே பூவரசனுக்குச் சொல்லிக்கொடுப்பாள். கல்யாணமாகி அவர்கள் அதிகம் பேசிக்கொண்டதே அந்த பானெட்டின் இரண்டு பக்கமும் நின்றபடிதான். தூரதேசத்து மனிதர்கள் இரண்டு பேர் ஒரே கிணற்றுக்குள் எட்டிப் பார்ப்பது போல, கறுத்த அந்த இயந்திரத்துக்குள் தலைகளை நீட்டி நிற்பார்கள்.

"பெட்ரோல் வருதா பாக்கலாம் மாமா," என்றாள்.

கார்புரேட்டருக்குப் போகும் குழாயைக் கழற்றினாள். பூவரசன் அதை வாயில் வைத்து உறிஞ்சினான். பெட்ரோல் பாய்ந்து வந்து வாய் நிறைந்துவிட்டது. துப்பினான், இருமினான், கண்ணெல்லாம் சிவந்துபோயிற்று. அவள் பதறிப்போய் முந்தானையால் அவன் உதட்டைத் துடைத்தாள்.

"எரியுதா?"

"பரவால்ல. இன்னிக்கி ஒன் வேல ஆவணும்ல?"

அவளுக்கு நெஞ்சு நெகிழ்ந்தது. இப்படி ஒருத்தன் வாய்க்க வேண்டுமே என்று நினைத்துக்கொண்டாள்.

அடுத்து பிளக்குகளைக் கழற்றினாள். எல்லாம் பெட்ரோலில் நனைந்திருந்தன. அப்படியென்றால் பெட்ரோல் போகிறது, நெருப்புத்தான் இல்லை. ஒரு பிளக்கை வயரில் மாட்டி என்ஜின்மேல் வைத்துக்கொண்டு, "செல்ஃப் போடு," என்றாள். உள்ளே உட்கார்ந்து அவன் சாவியைத் திருப்பினான். பொறி வரவில்லை.

"எலி கடிச்சிருக்குமோ? சாம மூட்ட பக்கத்துலயே நிறுத்தாதன்னு அப்பவே சொன்னேன்," என்றான் பூவரசன்.

வயர்களை விரலால் தடவிக்கொண்டே போனாள். எங்கும் பல் பட்டிருக்கவில்லை.

"அப்ப பொறி குடுக்கற காயில்தான் போச்சி. நாளைக்கி போளூர் போயி நானே வாங்கியாரேன். கல்பனாக்காவுக்குப் போன் போட்டுச் சொல்லிடு. வேற இன்னா பண்றது?"

பாறைக்குப் போகலாம் என்று போனை எடுத்துவிட்டாள். நாலடி நடந்தவள் நின்றாள். காயில் போயிருந்தால் நேற்று சாயங்காலமே வண்டி திணறியிருக்கும். சிட்டாகத்தானே ஓடிற்று? பள்ளிக்கூடம் வரை போய்த் திரும்பினாளே. "எதுக்கும் பாயிண்ட்ட ஒரு தபா பாத்துடறேன்."

"அதான் நேத்தே தொடச்சியே. கெளறினா இன்னும் கெட்டுப்பூடும்." அவன் இறங்கி வேகமாக வந்து, பாயிண்ட் இருக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் மேல் கைவைத்துக்கொண்டு நின்றான்.

"கைய எடு மாமா. சுடவா போவுது?"

மூடியின் கிளிப்புகளைத் தட்டித் திறந்தாள். உள்ளே பாயிண்டின் இரண்டு முனைகளும் தொட்டுத் தொட்டுப் பிரிய வேண்டும்; அப்போதுதான் பொறி பிறக்கும். அவற்றுக்கு நடுவில் சிவப்பாக ஏதோ தெரிந்தது. சின்னக் குறட்டால் பிடித்து இழுத்தாள். கல்யாணப் பத்திரிகையிலிருந்து வெட்டிய அட்டைத் துண்டு.

"பாத்தியா! தொடச்சிட்டு நீயே மறந்து வுட்டுட்ட," என்று சிரித்தான் பூவரசன். "நாமளும் காலையிலேர்ந்து ஊரெல்லாம் தேடறோம்."

அவளும் சிரிக்கப் பார்த்தாள். பாயிண்டை அவள் பத்திரிகை அட்டையால்தான் துடைப்பாள், அது உண்மை. தன் மறதியை நினைத்து வெட்கம்கூட வந்தது. ஆனால் அட்டை உள்ளங்கையில் கிடந்தது. அதில் ஒரு மடிப்பு இருந்தது. துடைப்பவள் அட்டையை நேராக விட்டு இழுப்பாள். இதை ஒரு முனைக்குத் தொப்பி போடுவது போல மடித்து, வண்டி சுற்றினாலும் விழாதபடி பொருத்தியிருந்தார்கள். நேற்று துடைத்த பிறகுதான் வண்டியும் ஓடியது. இந்த மூடியைத் திறக்கத் தெரிந்தவர்கள் இந்த மலையில் இரண்டே பேர். இரண்டாவது ஆளுக்கு அவளேதான் கற்றுக்கொடுத்தாள்.

"மாமா."

அவன் சிரிப்பு நின்றது.

"தொடைக்கறவ எதுக்கு மடிக்கணும்?"

பூவரசன் கீழே கிடந்த ஸ்பேனர்களைப் பொறுக்கத் தொடங்கினான். பிறகு அவள் முகத்தைப் பார்க்காமலே, "டீக்கடையில நீ ஒக்காந்து பாரு, தெரியும்," என்றான். "ஜீப்புக்காரன் சிங்காரம் இல்ல, அவன் கேக்கறான், 'பூவரசா, கண்ணமங்கலம் போறியாமே, ஒன் டிரைவரம்மா ஒன்ன எங்க வெச்சினு போவும்? டேஷ்போர்டு மேல தலையாட்டுற பொம்ம மாதிரி ஒட்டிக்கினா போவும்?'னு. அத்தினி பேரும் சிரிக்கறானுங்க. நானும் சிரிச்சேன். வேற இன்னா செய்வேன்?"

"அதுக்கு?"

"இந்த ஒரு தபா தவறிப்போனா நீயே வுட்டுடுவன்னு நெனச்சேன். வண்டிக்கி ஒண்ணும் ஆவலியே. அட்டதான் வெச்சேன்?"

அட்டையைக்கூட அவளால் தாங்கிக்கொள்ள முடியும் போலிருந்தது. ஆனால் பெட்ரோலில் குறையே இல்லை என்று தெரிந்தே அந்தக் குழாயை வாயில் வைத்திருக்கிறான். இருமியிருக்கிறான். அவள் துடைக்கட்டும் என்று உதட்டைக் காட்டிக்கொண்டு நின்றிருக்கிறான். முந்தானையில் அந்த வாசனை இன்னும் இருந்தது.

"எங்கிட்ட வாணாம்னு சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா கேட்டிருப்பியா?"

"சண்ட போட்டிருப்பேன்."

பிளக்குகளைத் துடைத்து மாட்டினாள், மூடியைப் போட்டாள், குழாயை இறுக்கினாள். இந்த முறை சாவியைத் தொட்டதும் என்ஜின் பிடித்துக்கொண்டது. பூவரசன் வந்து மறுபக்கக் கதவில் கைவைத்தான். "நானும் வர்றேன், செவ்வந்தி."

"வாணாம்."

ஊரைத் தாண்டி முதல் வளைவில் இறங்கும்போது என்ஜின் ஒரு தரம் இருமியது. குழாயைக் கழற்றி மாட்டியதில் காற்றுப் புகுந்திருக்கும்; கொஞ்சத் தூரத்தில் சரியாகிவிடும். இது அவளுக்குத் தெரியும். இந்த வண்டியின் ஒவ்வொரு சத்தமும் அவளுக்குத் தெரியும். ஆனாலும் கால் பிரேக்கை அழுத்திவிட்டது. பிரேக் பிடித்தது. பிடித்ததே என்று நினைத்ததுமே, பிடிக்காமல் போயிருந்தால் என்ற நினைப்பும் கூடவே வந்தது. கீழே வளைவுக்குமேல் வளைவாகச் சாலை. அவன் பிரேக்கில் கைவைக்கிறவன் இல்லை. அட்டை வைக்கிறவன் என்றும் நேற்றுவரை யாராவது சொல்லியிருந்தால் அவள் அடித்திருப்பாள்.

வண்டியை ஓரமாக நிறுத்திச் சக்கரத்துக்குக் கல் வைத்தாள். பிரேக் ஆயிலைத் திறந்து பார்த்தாள், நிறைய இருந்தது. அடியில் படுத்து நகர்ந்து ஒவ்வொரு இணைப்பையும் துணியால் துடைத்து, விரலால் தொட்டு, கசிகிறதா என்று பார்த்தாள். ஜாக்கி வைத்து ஒரு சக்கரத்தைக் கழற்றி, உள்ளே பிரேக்கைப் பார்த்து மாட்டினாள். பிறகு அடுத்தது. அந்த வளைவில் சிக்னல் இருந்திருக்கிறது, போன் அடித்தது.

"எங்க இருக்க செவ்வந்தி? போட்டோக்காரரே வந்துட்டாரு," என்றாள் கல்பனா.

"மலமேலயே இருக்கறேன்க்கா. பிரேக்கு பாத்துனு இருக்கேன்."

"ஐயையோ, பிரேக்கு போச்சா?"

"இல்லக்கா. நல்லாத்தான் இருக்குது."

"அப்புறம் இன்னாத்த பாக்கற? நல்லா இருந்தா எறங்கி வாயேன்!"

காருக்கு அடியில் மண் குளிர்ந்திருந்தது. இன்னும் இரண்டு சக்கரங்கள் பாக்கி.

"அந்த வெள்ளக் காரையே கூப்புட்டுக்குங்கக்கா," என்று சொல்லிவிட்டு, செவ்வந்தி சக்கர ஸ்பேனரை எடுத்து அடுத்த நட்டில் பொருத்தினாள்.